யார்லாம் வர்றீங்க?

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, கல்லூரி வாட்ஸாப் குரூப்பில் நான் போட்டது இவ்வளவுதான்: "ஜனவரில கொழுக்குமலை. ஒரு ராத்திரி டென்ட். யார்லாம் வர்றீங்க?" மறுநாள் பல் விளக்கிக்கொண்டே எடுத்துப் பார்த்தேன். 21 கட்டைவிரல். ரெண்டு பேர் தீ எமோஜி. ஒருவன் "மாப்ள, நான் இப்பவே பேக் பண்ணிட்டேன்" என்று குரல் செய்தியே அனுப்பியிருந்தான். அவன் வரவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கட்டைவிரல் என்பது வருகிறேன் என்று அர்த்தமல்ல. "நீ நல்லா இருக்கியா, எனக்கும் இங்க அலுப்பாத்தான் இருக்கு" என்று அர்த்தம். இது புரிய எனக்கு நான்கு பயணங்களும் ஒரு பெரிய சண்டையும் ஆயின.

பெயர்கள் எதையும் இங்கே போடப்போவதில்லை. போட்டால் குரூப்பில் என்னை உரித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள். மதுரையில் ஒன்றாகப் படித்தவர்கள், இப்போது சென்னை, பெங்களூரு, ஈரோடு என்று சிதறிக் கிடக்கிறோம். எல்லாருக்கும் நாற்பது நெருங்குகிறது. ஒருவன் வங்கி. ஒருவன் போடிநாயக்கனூர்க்காரன், ஏலக்காய் வியாபாரக் குடும்பம். ஒருத்தி எங்கள் கிளாஸ் ரெப், ஈரோட்டில் இருக்கிறாள். இருபது வருஷம் ஆகியும் அவள் கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லத் தோன்றும்.

தேதியைக் குறித்துக் கொடுத்ததும் அவள்தான். நான் பொங்கலுக்கு அடுத்த வாரம் என்றேன். "லூசா நீ? தை பிறந்தா ஊரெல்லாம் முகூர்த்தம். பாதிப் பேரு பந்தியில இருப்பான். மார்கழில வை" என்றாள். ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை வங்கிக்காரனுக்கும் லீவு. அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. "மாலை போட்டிருக்கேன் சாமி" என்று இரண்டு பேர் ஒதுங்கிக்கொண்டார்கள். மலைக்குப் போகிறோம் என்றால் அவர்கள் போகிற மலை வேறு.

நாங்கள் கொழுக்குமலைக்குக் கிளம்புவது போடியிலிருந்து. ரயில் எங்கள் திட்டத்துக்கென்றே விட்ட மாதிரி இருக்கிறது. மதுரை–போடி மீட்டர் கேஜ் 2010 கடைசியில் நின்றுபோய், அகலப் பாதையாகி, 2023 ஜூனில்தான் மறுபடி போடிக்கு ரயில் வந்தது. சென்னை சென்ட்ரலில் வெள்ளி ராத்திரி ஏறினால் சனி காலை போடி. ஞாயிறு ராத்திரி போடியில் ஏறினால் திங்கள் காலை சென்னை. ஆனால் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்தான் திறக்கிறது. பொங்கல் வாரத்துக்கு முந்தின வெள்ளி என்றால் திறந்த அன்றைக்கே போட்டாக வேண்டும். எனக்கு இது வசதியாகப் போயிற்று. "திங்கள் காலை 8 மணிக்கு டிக்கெட் போடறேன். ஞாயிறு ராத்திரிக்குள்ள 1,500 ரூபாய் அட்வான்ஸ். வந்தாத் திரும்பக் கேக்கக் கூடாது, வராட்டியும் திரும்பக் கேக்கக் கூடாது" என்று போட்டேன். குரூப் அப்படியே அமைதியானது. மார்கழிப் பனி இறங்கின மாதிரி இருந்தது. ஞாயிறு ராத்திரி பதினொன்றரைக்குப் பணம் எண்ணினேன். பதினோரு பேர்.

பதினொன்றும் நிலைக்கவில்லை. ஒருவன் வீட்டில் அம்மாவுக்குக் கால் முறிவு. பணத்தைத் திருப்பி அனுப்பினேன், விதி கிதி எல்லாம் அங்கே செல்லாது. இன்னொருவன் கிளம்புகிற வெள்ளிக்கிழமை மதியம் "ஆபீஸ்ல ரிலீஸ் இருக்குடா" என்றான். அவன்தான் நவம்பரிலேயே பேக் பண்ணினவன். அவனுக்குத் திருப்பி அனுப்பவில்லை. அந்த 1,500 ரூபாயில் போடியில் ஒன்பது பேரும் காலை டிபன் சாப்பிட்டோம். ஒவ்வொருவரும் தோசையைக் காட்டி ஒரு படம் எடுத்து அவனுக்கு அனுப்பினார்கள்.

ஒன்பது. இந்த எண்ணை நான் அந்த இரண்டு நாளில் எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருப்பேன் என்று தெரியாது.

ஏன் இப்படி எண்ணுகிறேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2013 ஜனவரியில் நாங்கள் ஐந்து பேர் போடிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்திலிருக்கும் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறினோம். அனுமதி என்று ஒன்று வாங்க வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. டாப் ஸ்டேஷன் என்றால் ஏதோ சுற்றுலாத்துறை வைத்த பெயர் என்று நினைத்திருந்தேன். வழியில் போடிக்காரன்தான் கதை சொன்னான். மூணாறு தேயிலையை 1908இல் போட்ட குட்டி ரயிலில் மலை விளிம்புவரை கொண்டுவந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டுக் கீழே கொட்டகுடிக்கு இறக்கியிருக்கிறார்கள். கம்பிவடத்தின் மேல்முனை டாப் ஸ்டேஷன், கீழ்முனை பாட்டம் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன். 1924 பெருவெள்ளத்தில் ரயில் போயே போய்விட்டது. கம்பிவடமும் இல்லை. பெயர் மட்டும் மலைமேல் உட்கார்ந்திருக்கிறது. சென்ட்ரல் ஸ்டேஷன் என்று சொல்லிக்கொண்டு சில வீடுகள், கோழிகள், நாய்கள். நாங்கள் அதற்குக் கொஞ்சம் மேலே ஒரு பாறையில் ராத்திரி படுத்தோம். குளிர் தாங்காமல் சுற்றிலும் நின்ற காய்ந்த புல்லைப் பிடுங்கி நெருப்புப் போட்டோம். ஆளுயரப் புல். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கூட ஞாபகமில்லை. அப்போது கவனித்திருந்தால்தானே ஞாபகமிருக்கும். காலையில் சாம்பலைக் காலால் தள்ளிவிட்டு நடந்தோம். வீட்டில் யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு என்று சொல்லிவிட்டு வந்தவன் நான்.

2018 மார்ச் 11. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் டிவியில் குரங்கணி என்று கீழே ஓடியது. முதலில் எனக்கு உறைக்கவில்லை. பிறகு போடிக்காரனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு அவனே கூப்பிட்டான். ஊர்க்காரர்கள்தான் முதலில் மேலே ஓடினார்களாம். போர்வையைத் தொட்டில் மாதிரி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்களாம். போடி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன் என்றான். அப்புறம் பேசவில்லை, லைனிலேயே இருந்தான். கொழுக்குமலையில் ராத்திரி தங்கிவிட்டுக் குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சுற்றிவளைத்தது. மொத்தம் 23 பேர் இறந்துபோனார்கள். எங்களை மாதிரிதான், வார நாளில் வேலை, வாரக் கடைசியில் மலை என்று வந்தவர்கள்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் எங்கள் குரூப்பில் மலை என்ற பேச்சே வரவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

அரசு அந்த வருஷமே மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று தொடங்கி 40 பாதைகளை ஆன்லைனில் பதிவு செய்ய வைத்தது. உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகளாகக் கூடவே வருகிறார்கள், தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். குரங்கணிப் பாதையும் அதில் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் பகலில் ஏறி இறங்கிவிட வேண்டும், காட்டுக்குள் ராத்திரி தங்க முடியாது. எங்கள் ஆட்களுக்கு டென்ட் வேண்டும். "டென்ட் இல்லாம எதுக்குடா, மெரினாவுல நடந்துக்கலாம்" என்றான் வங்கிக்காரன். அதனால்தான் கொழுக்குமலை: தனியார் தேயிலைத் தோட்டம், தங்க இடம் கொடுக்கிறார்கள், காசு கட்டி ரசீது வாங்கிக்கொண்டு நம் டென்ட்டை அடித்துக்கொள்ளலாம்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு ஓர் எக்செல் ஷீட் போட்டேன். பெயர், ரத்த வகை, வீட்டில் யாருக்குப் போன் செய்ய வேண்டும், என்ன மாத்திரை போடுகிறார்கள், எது ஒத்துக்கொள்ளாது. பயங்கரக் கிண்டல். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "கரண்ட் பில் கட்டச் சொன்னா மறந்துபோகுது. கூட வர்றவங்க ரத்த குரூப்பு மட்டும் மனப்பாடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கிளாஸ் ரெப் மட்டும் கிண்டல் செய்யவில்லை. அவள் அந்த ஷீட்டிலேயே கீழே ஐந்து கேள்வி எழுதி வைத்திருந்தாள். கக்கூஸ் எங்கே, எத்தனை, உள்ளே தாழ்ப்பாள் உண்டா? ராத்திரி வெளிச்சம் இருக்குமா? பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? ஜீப் டிரைவர் ராத்திரி மேலே தங்குவாரா, இறங்கிவிடுவாரா? பெண்கள் டென்ட் எந்த ஓரத்தில்? பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐந்து ஆம்பளைகள் இதில் ஒன்றைக்கூட யோசிக்காமல் மலையில் படுத்து எழுந்தோம். தாழ்ப்பாள் கேள்விக்கு மட்டும் நான் முகாம்காரரிடம் மூன்று தடவை பேசினேன். மூன்றாவது தடவை அவரே சிரித்துவிட்டு, "சார், புதுசா ஒண்ணு அடிச்சுடறேன்" என்றார். அடித்தும் வைத்திருந்தார்.

கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில். ஆனால் வண்டியில் போக வேண்டும் என்றால் கேரளாவுக்குள் போய்த்தான் திரும்பவும் தமிழ்நாட்டுக்குள் வர வேண்டும். போடியிலிருந்து முந்தல், அங்கே ஒரு சாலை குரங்கணிக்குப் பிரியும். வேன் அந்த இடத்தைத் தாண்டும்போது போடிக்காரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நானும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு போடிமெட்டு வளைவுகள். பின்சீட்டில் இருந்தவனுக்கு எட்டாவது வளைவில் வாந்தி. பிறகு சின்னக்கானல், சூரியநெல்லி. அங்கிருந்து ஜீப் மட்டும்தான் ஏறும்.

ஜீப்புக்கு ஆறு பேர். நாங்கள் ஒன்பது, கூட மூட்டைகள். இரண்டு ஜீப். அந்தப் பாதையைச் சாலை என்று சொல்வது சாலைக்கு அவமானம். ஒவ்வொரு கல்லும் முதுகுத்தண்டில் தனித்தனியாக வந்து பேசும். எங்கள் டிரைவர் அண்ணன் ஒரு கையால் ஸ்டீயரிங், ஒரு கையால் கதை. "அரிசி வச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். "டென்ட்டுக்குள்ள வச்சுராதீங்க. இது அரிக்கொம்பன் ஊரு."

சும்மா பயமுறுத்தவில்லை அவர். ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றே பெயர் வாங்கின யானை அது. மலையாளத்தில் அரி என்றால் அரிசிதான். 2023 ஏப்ரலில் இந்தச் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அது அடுத்த மாதமே கம்பம் டவுனுக்குள் நடந்து வந்தது. ஜூனில் தமிழ்நாடு வனத்துறை பிடித்துக் களக்காடு–முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. "அது போயிருச்சு. அதோட சொந்தக்காரங்க எல்லாம் இங்கதான இருக்காங்க" என்றார் அண்ணன். மேலே போனதும் முதல் வேலையாக அரிசி மூட்டையை முகாம் சமையல் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்துப் பூட்டச் சொன்னேன்.

அந்த அரிசிக்கு யானையே தேவையிருக்கவில்லை.

முகாமில் ராத்திரிச் சாப்பாடு அவர்களே தருவார்கள். ஆனால் வங்கிக்காரனுக்குச் சின்ன வயசிலிருந்தே ஒரு கனவு: மலைமேல் அடுப்பு மூட்டிச் சோறு வடித்துச் சாம்பார் ஊற்றிச் சாப்பிட வேண்டும். ஆளுக்கு ஓர் ஆழாக்கு, ஒன்பது பேருக்கு ஒரு படியும் ஓர் ஆழாக்கும் என்று கணக்குப் போட்டு மதுரையிலிருந்து பொன்னி வாங்கி வந்திருந்தான். குக்கர் எடுத்துக்கொள் என்று ரெப் சொன்னதற்கு, "மலைக்கு யாராச்சும் குக்கர் தூக்கிட்டு வருவாங்களா?" என்று கேட்டிருந்தான். அகலமான அலுமினியப் பாத்திரம், கேஸ் அடுப்பு, சுற்றிலும் கல் அடுக்கிக் காற்று மறைப்பு. ஆறு மணிக்கு உலை வைத்தான். உலை சீக்கிரமே கொதித்தது. அதிலேயே அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

சீக்கிரம் கொதித்ததுதான் வினையே. கீழே 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் ஏழாயிரம் அடிக்கு மேல் 93 டிகிரிக்கே கொதித்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் சூடு அதைத் தாண்டாது, ஆவிதான் வேகமாகப் போகும். குக்கருக்குள் என்றால் ஆவியை அடைத்துச் சூட்டை ஏற்றிவிடலாம். திறந்த பாத்திரத்தில் அது நடக்காது. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தான். வெளியே குழைவு, நடுவில் ஊசி முனை மாதிரி வெள்ளைப் புள்ளி. இன்னும் கொஞ்சம் தண்ணீர். இன்னொரு கால் மணி. வெளியே கஞ்சி, நடுவில் அதே புள்ளி. எட்டரைக்கு எல்லாரும் தட்டோடு சுற்றி உட்கார்ந்து, பல்லில் கடிபடக் கடிபட, ஒன்றும் சொல்லாமல் மென்றோம். வங்கிக்காரன் மட்டும் "அல் டென்ட்டே" என்றான். பல்லில் கடிபடுகிற பதத்துக்கு இத்தாலிக்காரர்கள் சொல்கிற பேர்.

ரெப் எழுந்து போய்த் தன் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து வந்தாள். வறுத்த ரவை. கூடவே ஒரு டப்பாவில் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கருவேப்பிலை எல்லாம் தாளித்து எடுத்து வந்திருந்தாள். பத்து நிமிஷத்தில் உப்புமா. வாழ்க்கையில் உப்புமாவைப் பார்த்து ஒன்பது பேர் கைதட்டினதை நான் அங்கேதான் பார்த்தேன்.

கேம்ப் ஃபயர் பற்றி ஒரு தகராறு. முகாம்காரர் அறுத்த தகர டிரம்மில் விறகு போட்டு மூட்டித் தருகிறார். கீழே சிமெண்ட் தரை, சுற்றிப் புல் செதுக்கியிருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் நான் இரண்டு பக்கெட் தண்ணீர் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாட்டுப் பாடுகிறவர்களுக்கு முதுகைக் காட்டி, பொறி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். "டேய், ஃபயர் சர்வீஸ், வந்து உக்காருடா" என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். போடிக்காரன் மட்டும் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றான். கிழக்கே கீழே தேனிப் பக்கத்துச் சமவெளி முழுக்க விளக்குகள். "அந்த மஞ்சள் கொத்து இருக்கே, அதுதான் எங்க தெரு" என்றான். எனக்கு எல்லாமே மஞ்சள் கொத்தாகத்தான் தெரிந்தது. பத்து மணிக்கு டிரம்மில் இரண்டு பக்கெட்டையும் கவிழ்த்தோம். சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போனேன்.

டென்ட் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மூன்று பேர் டென்ட் என்று போட்டிருந்தால் இரண்டு பேர் டென்ட் என்று படியுங்கள். மூன்றாவது ஆள் பொம்மை. அப்புறம், குளிர்கிறதே என்று காற்றுப் போகிற வலை ஜன்னலை எல்லாம் இழுத்து மூடாதீர்கள். வங்கிக்காரனும் பெங்களூர்க்காரன் ஒருவனும் அப்படி மூடிக்கொண்டு படுத்தார்கள். ராத்திரி முழுக்க விட்ட மூச்சு மேல்துணியில் பட்டுத் தண்ணீராகி, காற்று அறைகிறபோதெல்லாம் அவர்கள் முகத்திலேயே சொட்டியது. "மழை பேஞ்சுச்சுடா" என்று காலையில் சத்தியம் பண்ணினார்கள். வெளியே ஒரு சொட்டு இல்லை. அங்கே எதிரி மழை இல்லை, காற்றுதான். கயிறு இழுத்து முளை அடிக்கும்போது ஆளாளுக்கு அவசரம், நேராக அடித்துவிட்டார்கள். டென்ட் பக்கம் சாயாமல் வெளிப்பக்கம் சாய்த்து அடித்தால்தான் பிடிக்கும். ராத்திரி ரெண்டு மணிக்குத் துணி படபடக்கிற சத்தத்தில் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு டென்ட்டாகப் போய் முளையைப் பிடுங்கிச் சாய்த்து அடித்தேன். உள்ளே இருந்து ஒருவன் "யானையா?" என்று கேட்டான். "ஆமா" என்றேன். அப்புறம் சத்தமே இல்லை.

காலை ஐந்தே காலுக்குச் சூரியன் பார்க்கக் கிளம்பினோம். புலி வாயைத் திறந்துகொண்டு நிற்கிற மாதிரி ஒரு பாறை இருக்கிறது, எல்லாரும் அங்கேதான் படம் எடுப்பார்கள். மேகம் கீழே கிடக்கும், நாம் மேலே நிற்போம் என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு மேகத்துக்கு எங்கள் மேலேயே பிரியம். கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. டார்ச் அடித்தால் வெள்ளைச் சுவர்.

தலை எண்ணினேன். எட்டு.

மறுபடி எண்ணினேன், ஒவ்வொருவரையும் தோளில் தொட்டு. எட்டு. பெங்களூர்க்காரன் இல்லை. அவன் டென்ட்டுக்குள் ஆளைக் காணோம், ஷூவும் காணோம். போன் தலையணைக்கு அடியில் கிடந்தது.

முந்தின நாள் சாயங்காலம் எங்களுக்குள் ஒரு பேச்சு நடந்திருந்தது. அந்த முகட்டிலேயே போனால் மீசைப்புலிமலை. 2,640 மீட்டர். அங்கே போக வேண்டும் என்றால் மூணாறு பக்கமிருந்து கேரள வன மேம்பாட்டுக் கழகத்தில் பதிவு செய்து அவர்கள் ஆளோடுதான் ஏற வேண்டும். கொழுக்குமலைப் பக்கமிருந்து அனுமதி கிடையாது. பெங்களூர்க்காரன் "இந்தா தெரியுது, ரெண்டு மணி நேரம்கூட ஆகாது, காலைல இருட்டோட போயிட்டு வந்துரலாம்" என்றான். முடியாது என்றேன். "நீ ரொம்ப மாறிட்டடா" என்றான். மாறிட்டேன் என்றேன். அதோடு விட்டது என்றுதான் நினைத்தேன்.

முகாம்காரரை எழுப்பினேன். அவர் இரண்டு ஆட்களை முகட்டுப் பக்கம் அனுப்பினார். மற்ற ஏழு பேரையும் ஒரே இடத்தில் உட்காரச் சொல்லி, அசையக் கூடாது என்று ரெப்பிடம் ஒப்படைத்தேன். தேடப் போகிறவனும் தொலைந்துபோனால் எண்ணிக்கை எங்கே போய் நிற்கும்? எக்செல் ஷீட்டை அச்சடித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அவன் பெயருக்கு நேரே ஓ பாசிடிவ், மனைவி எண். அந்த எண்ணைப் பார்த்தேன். போன் போட்டால் முதல் வார்த்தை என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். மார்ச் 11 ராத்திரி போடிக்காரன் லைனில் பேசாமல் இருந்தானே, அந்த மௌனம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நாற்பது நிமிஷம். முகாம்காரரின் ஆள் ஒருவர் கீழேயிருந்து குரல் கொடுத்தார். ஆள் லயன் வீட்டுப் பக்கம் இருக்கிறான்.

ஓடினேன். தோட்டத் தொழிலாளர்களின் லயன், ஓரத்தில் சின்ன மாரியம்மன் கோயில். மார்கழி என்பதால் விடிகாலையிலேயே ஸ்பீக்கரில் சாமி பாட்டு. ஒரு வாசலில் அப்போதுதான் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. அந்த வாசற்படியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஐயா உட்கார்ந்து கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார். சால்வை அந்த வீட்டு அக்காவுடையது. முழங்காலுக்குக் கீழே பேண்ட் கிழிந்திருந்தது. நாலு மணிக்கே கிளம்பியிருக்கிறான். முகட்டில் கொஞ்ச தூரம் போனதும் மூடுபனி. திரும்பினால் வந்த வழி தெரியவில்லை. தேயிலைப் பாத்திக்குள் இறங்கி விழுந்து எழுந்து சுற்றியிருக்கிறான். கடைசியில் ஸ்பீக்கர் சத்தம் கேட்டு, அந்தப் பாட்டு வந்த திசையிலேயே நடந்து வந்திருக்கிறான்.

"தம்பி நடுங்கிக்கிட்டு வந்துச்சு. ஒக்காரச் சொன்னேன்" என்றார் அந்த அக்கா. "நீங்களும் குடிங்க."

நான் குடிக்கவில்லை. வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன். அங்கே ஒரு சின்னப் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கிறது என்பதுகூடக் கவனத்தில் இல்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டு, கடைசியில் மெதுவாகச் சொன்னான்: "சரிடா. ஒண்ணும் ஆகலைல்ல?"

எனக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை. ஏனென்றால் 2013இல் டாப் ஸ்டேஷனில் டீ குடித்துக்கொண்டு, புல்லுக்கு நடுவில் நெருப்புப் போட்டது தப்பு என்று போடிக்காரன் சொன்னபோது, இதே வார்த்தையைச் சொன்னவன் நான். பெங்களூர்க்காரனும் அந்த ஐந்து பேரில் ஒருவன். அவனுக்கு ஞாபகம் இருந்ததா, இல்லை தற்செயலாக வந்ததா தெரியவில்லை. நான் கேட்கவில்லை. அந்த அக்கா நீட்டின டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எட்டரைக்கு மூடுபனி விலகியது. சூரியன் ஏற்கெனவே மேலே ஏறிப் பாதி வேலையை முடித்திருந்தது. 1930களில் கட்டின தேயிலைத் தொழிற்சாலையில் பழைய இயந்திரங்களைப் பார்த்தோம், ஆளுக்குக் கால் கிலோ தூள் வாங்கினோம். மூட்டைகளை ஜீப்பில் அனுப்பிவிட்டு, தோட்டத்து ஆள் ஒருவர் வழிகாட்ட, சூரியநெல்லிக்கு நடந்தே இறங்கினோம். வங்கிக்காரனுக்கு முழங்கால் வலி. அவனை முதலில் விட்டேன். வேகமாக நடக்கிறவனை முன்னால் விட்டால் கூட்டம் அரைக் கிலோமீட்டருக்கு நீண்டுவிடும். மெதுவாக நடக்கிறவனை முன்னால் விட்டால் மற்றவர்கள் முனகுவார்கள், ஆனால் எல்லாரும் கண்ணுக்குள் இருப்பார்கள். பெங்களூர்க்காரன் தானாகவே மருந்துப் பையை வாங்கி மாட்டிக்கொண்டு கடைசி ஆளாக வந்தான். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு திருப்பத்தில் நான் திரும்பிப் பார்த்தபோது, அவன் விரலை நீட்டி முன்னால் போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

கணக்கு முடித்ததில் ஆளுக்கு 3,870 ரூபாய் வந்தது. எட்டு பேர் கொடுத்துவிட்டார்கள். ஒன்பதாவது ஆள் யார் என்று குரூப்பில் எல்லாருக்கும் தெரியும், அவனும் இதைப் படிப்பான்.

திங்கட்கிழமை ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு டென்ட்டை எல்லாம் மொட்டை மாடியில் விரித்தேன். ஈரத்தோடு மடித்து வைத்தால் ஒரே வாரத்தில் பூசணம் பிடித்துவிடும். நான்கு டென்ட் வாடகை எடுத்தது வேறு. கீழ்வீட்டுப் பாட்டி வடகம் பிழியத் துணியோடு மேலே வந்தவர், பச்சையும் ஆரஞ்சுமாக மாடியை அடைத்துக் கிடந்ததைப் பார்த்து, "என்னப்பா, வீட்ட காலி பண்றியா?" என்று கேட்டார். அவருக்காக ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, முளைகளைத் துடைத்து எண்ண உட்கார்ந்தேன். டென்ட்டுக்கு எட்டு, ஐந்து டென்ட், நாற்பது இருக்க வேண்டும். முப்பத்தொன்பது. மண்ணைத் தட்டிவிட்டு, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.